இடப்பக்கம் ஒரு சாண்

எங்கள் பெரியப்பாவுக்கு ஊரில் ‘வானஞ்சுட்டார்’ என்று பெயர். அவர் காதுபடச் சொல்லமாட்டார்கள். அவர் தலை மறைந்த பிறகு எங்கள் காதுபடச் சொல்வார்கள். கடைக்கு எண்ணெய் வாங்கப் போனால், “வானஞ்சுட்டார் வீட்டுப் புள்ளைக்கு மொதல்ல ஊத்துங்க” என்று ஒருவர் சொல்வார், நாலு பேர் சிரிப்பார்கள். எனக்கு அப்போது பத்து வயது. நயா பைசா வந்த புதுசு. எண்ணெய்ப் புட்டியோடு வீடு வந்து சேர்வதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வரும். ஆனால் அழமாட்டேன். ஏன் இப்படி ஆகிறது என்று கண்டுபிடித்தால் என்ன என்றுதான் எனக்குத் தோன்றும். அது பிறவிக் குணம். இன்றைக்கும் பக்கத்து வீட்டு மிக்ஸியின் சத்தம் கொஞ்சம் மாறினால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

பெரியப்பா உலகச் சண்டைக்கு முன்னால் மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணியாக இருந்தவர். திரும்பி வரும்போது இரண்டு தகரப் பெட்டி, ஒரு கடிகாரம், ஒரு காற்றுத் துப்பாக்கி, இவ்வளவும் கொண்டுவந்தார். பெட்டியும் கடிகாரமும் எல்லார் வீட்டுக்கும் வந்தவைதான். துப்பாக்கி எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் வந்தது. குழாயை நடுவில் மடக்கி, பட்டாணியில் பாதி இருக்கிற ஈய ரவையை உள்ளே வைத்து, நிமிர்த்திச் சுட வேண்டும். வெடிமருந்து கிடையாது, வெறும் காற்றுதான். மலாயாவில் அந்தி நேரத்தில் பறக்கிற வௌவாலைக்கூட அடித்திருக்கிறார் என்று பெரியம்மா சொல்லுவார்கள். ஊரில் அதை யாரும் நம்பவில்லை, ஏனென்றால் ஊர்க்காரர்கள் மூன்று வருசமாக அவர் சுடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊர் விராலிமலைக்குத் தெற்கே மூன்று கல். செம்மண் பூமி, மழையை நம்பிக் கடலை போடுகிறவர்கள்தான் அத்தனை பேரும். கடலை விதைத்தால் விடியற்காலையில் மயில்கள் வந்துவிடும். மலையிலிருந்து வருகிறதா, பக்கத்துக் காட்டிலிருந்து வருகிறதா என்று யாருக்கும் தெரியாது. வரிசையாக நின்று, போட்ட விதையைக் கிளறித் தின்றுவிட்டு, போகும்போது ஒரு தடவை அகவிவிட்டுப் போகும். ஆனால் மயிலை யார் அடிப்பது? அது முருகனுடைய வாகனம். மலையில் அவருக்கே முன்னால் உலாத்துகிற பறவை. கல்லெடுத்து வீசினாலும் அதன் மேல் படாமல்தான் வீசுவார்கள்.

காக்கையை என்ன செய்வார்களோ அதையே செய்துவிடலாம் என்று முதலில் சொன்னவர் ஊர்த் தலைவரான அம்பலக்காரர். அவர் கடலைக் கொல்லை எங்கள் கொல்லைக்கு அடுத்தது. ஒரு காக்கையை அடித்துக் கம்பில் கட்டித் தொங்கவிட்டால் மற்ற காக்கைகள் அந்தப் பக்கம் வராது, அதுபோல ஒரே ஒரு மயில் போதும் என்பது அவர் யோசனை. ஊரே தலையாட்டியது. ஆனால் அடிக்கிற பாவம் தன் கைக்கு வரக்கூடாது என்பதிலும் ஊர் ஒற்றுமையாக இருந்தது. துப்பாக்கி இருப்பது ஒருவரிடம். அவரோ கடல் தாண்டிப் போய் வந்தவர். “ஒரு போடு போட்டிங்கன்னா போதும்ங்க. ஊரு பொழைச்சுக்கிரும்” என்று பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனுசர். சரி என்றார்.

அதிலிருந்து ஒவ்வொரு விதைப்புக்கும் அதே கூத்துதான். விடியற்காலையில் ஆள் வரும். பெரியப்பா துப்பாக்கியோடு போவார். பின்னால் பத்துப் பேர் போவார்கள், நானும் போவேன். அவர் வரப்பில் ஒரு முழங்காலை ஊன்றி, தோளில் வைத்து, மூச்சை அடக்குவார். அம்பலக்காரர் அவர் தோளுக்குப் பின்னால் குனிந்து, குழாய் வழியே தானும் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, “குறி சரியா மயில் மேலதான் இருக்கு” என்று சாட்சி சொல்லுவார். டப்பென்று சத்தம் கேட்கும். மயிலுக்குப் பக்கத்தில் மண் தெறிக்கும். மயில் கழுத்தைத் திருப்பிப் பார்க்கும், பிறகு தின்னும். நாலாவது ஐந்தாவது தடவைக்குத்தான் சத்தம் பிடிக்காமல் எழுந்து பறக்கும். பின்னால் நிற்பவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

கண் மங்கிவிட்டது என்று ஒருவர் சொன்னார். பெரியப்பா திருச்சிக்குப் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். கண்ணாடியோடும் குறி தப்பியது, வானத்தைத்தான் சுடுகிறார் என்று ஊர் சிரித்தது. கை நடுங்குகிறது என்று இன்னொருவர் சொன்னார். அதற்கும் பெரியப்பா சிரித்துக்கொண்டே, “இருக்கும்” என்றார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. என்னைத் தோளில் உட்காரவைத்து விராலிமலை தேருக்குக் கூட்டிப் போன கை அது. அது நடுங்கி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்தக் கைக்கு ஒரு கெட்ட பேர் என்றால் எனக்குச் சோறு இறங்காது.

அந்த வருசம் ஆனி மாசம் அறந்தாங்கியில் பெரியம்மாவின் அண்ணன் வீட்டில் கல்யாணம். பெரியப்பாவும் பெரியம்மாவும் ஐந்து நாள் இல்லை. அவர்கள் மகன், எனக்கு அண்ணன், வாத்தியார் பாடத்தை முடிக்கவில்லை என்று சாக்குச் சொல்லி வீட்டில் தங்கிவிட்டான். அவனுக்குப் பதினாலு வயது. ஐஸ்கூலில் விஞ்ஞானம் படிக்கிறான், ஆகையால் உலகத்தில் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற நினைப்பு. வானஞ்சுட்டார் மகன் என்ற பட்டம் அவனுக்கும் உறுத்திக்கொண்டிருந்தது. வண்டி தெருவைத் தாண்டியதும் நான் உள்ளறை முளையில் தொங்கிய துப்பாக்கியைக் காட்டினேன். அவன் உடனே முக்காலியை இழுத்துப் போட்டு ஏறிவிட்டான்.

வைக்கோல்போருக்குப் பின்னால் கொண்டுபோனோம். ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கரித்துண்டால் ஒரு வட்டம் போட்டு, பனம்பாயில் ஒட்டி, காலால் இருபத்தைந்து எட்டு வைத்து அளந்து தள்ளி நிறுத்தினோம். அண்ணன் சுட்டான். வட்டத்துக்கு இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி ஓட்டை விழுந்தது. நான் சுட்டேன். தோளில் இடி இடித்ததுபோல் இருந்தது, ஆனால் என் ரவையும் இடப்பக்கம்தான் போனது. பிறகு மணல் மூட்டையின் மேல் துப்பாக்கியைக் கிடத்தி, கை அசையாமல், மாற்றி மாற்றிப் பத்து ரவை சுட்டோம். போய்ப் பார்த்தால் பத்து ஓட்டையும் ஒரே இடத்தில், ஒரு வெற்றிலையால் மூடிவிடுகிற அளவுக்குள் இருக்கின்றன. எல்லாம் வட்டத்துக்கு இடப்பக்கம் ஒரு சாணில்.

நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண் கெட்டவர் சுட்டால் ஒன்று அங்கே விழும், ஒன்று இங்கே விழும். கை நடுங்கினாலும் அப்படித்தான். இது ஒரே இடத்தில் விழுகிறது. யார் சுட்டாலும் அங்கேதான் விழுகிறது. அப்படியானால் தப்பு துப்பாக்கியில்தான் இருக்கிறது, பெரியப்பாவிடம் இல்லை. எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அண்ணனிடம் சொன்னேன். அவன் அரை நிமிசம் யோசித்துவிட்டு, இதைத்தான் தானும் நினைத்ததாகச் சொன்னான்.

அன்றைக்கே பிரித்தோம். குழாயில் துரு ஏறியிருந்தது. செங்கல் தூளும் மண்ணெண்ணெயும் வைத்துத் தேய்த்தோம். கயிற்றில் துணியைக் கட்டிக் குழாய்க்குள் இழுத்தால் கறுப்பு கறுப்பாக வந்தது. மடக்குகிற இடத்தில் காற்று கசிகிறதா என்று பார்க்க, அந்த இடத்தில் விபூதியைத் தூவிவிட்டு விசையை அழுத்தினோம். விபூதி அண்ணன் முகத்தில் பறந்தது. கசிகிறது என்று தெரிந்துகொண்டோம். அங்கே இருந்த தோல் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. தேய்ந்துபோன செருப்பின் வாரை வெட்டி, ஒரு ராத்திரி விளக்கெண்ணெயில் ஊறப்போட்டுப் புது வளையம் செய்தோம். சைக்கிள் பம்பின் வாஷரும் இதே வேலைதான் செய்கிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. தோலுக்கு எண்ணெய் நல்லது என்றால் உள்ளே இருக்கிற மற்றதுக்கும் நல்லதுதானே என்று நான் ஒரு கரண்டி விளக்கெண்ணெயைக் குழலுக்குள்ளும் ஊற்றினேன். மறுநாள் அண்ணன் விசையை அழுத்தினதும் வேட்டு வெடித்ததுபோல் ஒரு சத்தம், குழாயிலிருந்து நீலப் புகை. தொழுவத்தில் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. என்னைப் பெற்ற ஆத்தா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து, “எங்கிட்டுடா வெடிச்சது?” என்று கேட்டாள். பானை விழுந்துவிட்டது என்றோம். எந்தப் பானை என்று அவள் தேடிப் போன நேரத்தில் துப்பாக்கியை வைக்கோலுக்குள் திணித்துவிட்டோம்.

துருவும் போயிற்று, கசிவும் போயிற்று, எண்ணெயும் எரிந்து தீர்ந்தது. ரவை முன்னைவிட வேகமாகப் பாய்ந்தது. ஆனால் அதே இடப்பக்கம், அதே ஒரு சாண். அண்ணன் விஞ்ஞானத்தைக் கைவிட்டு, இது சாபம் என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போய்விட்டான்.

நான் விடவில்லை. குழாயின் பின்பக்கம் ஒரு வெட்டு உண்டு, முன்முனையில் ஒரு சின்ன முள் உண்டு. வெட்டுக்கு நடுவில் முள் தெரிய, முள்ளின் மேல் இலக்குத் தெரிய வேண்டும். பூக்கட்டுகிற நூலை எடுத்து, பின்வெட்டின் நடுவிலிருந்து குழாயின் வாய்க்கு நடுவரை இழுத்துப் பிடித்தேன். நூல் முள்ளின் மேல் போகவில்லை. முள் வலப்பக்கம் ஒரு நெல் அளவுக்குச் சாய்ந்திருந்தது. கீழே விழுந்து சாய்ந்திருந்தால் ஒரு கீறலாவது இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. அடியில் மட்டும் இடுக்கி பிடித்த தடம், அதுவும் துணி சுற்றிப் பிடித்ததுபோல் வழவழப்பாக இருந்தது. யாரோ பதனமாகச் செய்த வேலை. மலாயாவில் எந்த மடையனிடம் ரிப்பேருக்குக் கொடுத்தாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். ரவை இடப்பக்கம் போகிறது, ஆகவே முள்ளை இன்னும் வலப்பக்கம் தள்ள வேண்டும் என்றான். தள்ளினோம். சுட்டால் இரண்டு சாண் தள்ளிப் போயிற்று, பாயிலேயே படவில்லை. அப்புறம் ஒரு மணி நேரம் குச்சியை வைத்துத் தரையில் கோடு போட்டுப் பார்த்தேன். ரவை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே முள்ளைத் தள்ள வேண்டும் என்பது கடைசியில் பிடிபட்டது. எனக்கு அது இன்றைக்கும் ஆச்சரியம்தான். துணியைச் சுற்றி, சின்னச் சுத்தியலால் நானே மெல்லத் தட்டினேன். தட்டுவது, சுடுவது, தட்டுவது, சுடுவது. நாலாம் நாள் அந்தியில் ரவை வட்டத்துக்குள் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. மூன்றாவதும் விழுந்ததும் அண்ணன் என் தலையில் ஒரு குட்டு வைத்தான். அவன் வைத்த குட்டுகளில் பாராட்டாக வைத்தது அது ஒன்றுதான்.

வந்ததும் பெரியப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று அவன் சொன்னான். நான்தான் வேண்டாம் என்றேன். ஊரே நின்று பார்க்கும்போது ஒரே போடில் விழ வேண்டும். அம்பலக்காரர் வாயைப் பிளக்க வேண்டும். பெரியப்பா திரும்பி என்னைப் பார்க்க வேண்டும். அந்த மூன்றையும் நான் ராத்திரி படுத்துக்கொண்டு பலமுறை பார்த்துவிட்டேன். மயில் விழுவதை மட்டும் ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

அவர்கள் கல்யாணத்திலிருந்து வந்த மூன்றாம் நாள் விடியற்காலையில் ஆள் வந்தது. முதல்நாள்தான் அம்பலக்காரர் கொல்லையில் விதைப்பு முடிந்திருந்தது. பெரியப்பா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, முளையிலிருந்து துப்பாக்கியை எடுத்து, துண்டால் ஒரு துடை துடைத்துத் தோளில் போட்டார். வழியெல்லாம் பேச்சும் சிரிப்புமாகத்தான் வந்தார். “இன்னைக்காச்சும் அது நம்மளை மதிக்குதான்னு பாப்போம்” என்று அவரே சொன்னார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

ஐந்து மயில்கள் இருந்தன. நாலு பெட்டை, ஒரு ஆண். பெரியப்பா எப்போதும்போல் முழங்காலை ஊன்றினார். அம்பலக்காரர் எப்போதும்போல் குனிந்து பார்த்து, குறி சரியாக இருக்கிறது என்றார். பின்னால் யாரோ அப்போதே சிரிக்க ஆரம்பித்தாயிற்று. டப்பென்ற சத்தம் முன்னைவிடக் கெட்டியாகக் கேட்டது.

மண் தெறிக்கவில்லை. ஆண் மயில் கழுத்தை ஒரு தரம் உதறியது. இரண்டு எட்டு வைத்தது. பிறகு களைத்துப்போனதுபோல் மெதுவாக உட்கார்ந்தது. தோகை அதன் பின்னால் உழவுச் சாலின்மேல் நேராகக் கிடந்தது. நான், “விழுந்துருச்சு” என்று கத்தினேன். பின்னால் நின்றவர்கள் ஒரு எட்டுப் பின்வாங்கினார்கள். பெட்டைகள் பறக்காமல் கொஞ்ச நேரம் நின்றன.

பெரியப்பா எழுந்திருக்கவில்லை. துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் அந்த முன்முள்ளைத் தடவினார். மேலும் கீழும் தடவினார். பிறகு திரும்பி எங்களைப் பார்த்தார். நான் சிரித்தேன். அவர் முகம் எனக்குப் பிடிபடவில்லை. கோபம் என்று நினைத்தேன், கேட்காமல் எடுத்ததற்காக. எழுந்து போய் மயிலைத் துண்டில் சுற்றி இரண்டு கையிலும் ஏந்தி வந்தார். கம்பில் கட்டித் தொங்கவிடுவதற்கு யாரும் கம்பு கொண்டுவரவில்லை. ஒவ்வொருவராக வரப்பை விட்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் இறங்கியவர் அம்பலக்காரர்.

வீட்டு வாசலில் பெரியம்மா பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்புறம் சொன்னார்கள்: “துப்பாக்கியைத் தொட்டா ஒங்க கை குறி தப்பாதுன்னுதான மூணு வருசமா முள்ளை வளைச்சு வச்சிருந்தீங்க. அதை யாருங்க தொட்டது?” பெரியப்பா மயிலைத் திண்ணையில் வைத்தார். கொல்லைப்புறம் போய் மண்வெட்டியை எடுத்தார். ஆக, வளைத்தவர் மலாயாவில் எந்த மடையனும் இல்லை, இவர்தான். ஊர் சிரிக்கும் என்று தெரிந்தே ஒருவர் தன் துப்பாக்கியை ஏன் வளைத்துக்கொள்ள வேண்டும்? அன்று பூராவும் அதையே குடைந்துகொண்டிருந்தேன். அண்ணனிடம் கேட்டால் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பெரியப்பா அன்றைக்கும் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் ஊர்க்கூட்டம். முருகன் கோயில் வாசலில் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். பெரியப்பாவை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். ஒரு போடு போடுங்கள் என்று மூன்று வருசமாக அவரைக் கெஞ்சியவர்கள், மயிலைச் சுட்டால் மழை நிற்கும், ஊருக்கு ஆகாது என்று இப்போது வரிசையாகப் பேசினார்கள். அம்பலக்காரர் பேச்சுத்தான் அதில் உரக்கக் கேட்டது. அண்ணனும் நானும் பெரியப்பாவின் பக்கத்திலேயே நின்றோம். பேசி முடித்துவிட்டு அம்பலக்காரர் கேட்டார்: “மூணு வருசமா ஒண்ணு மேலயும் படாத துப்பாக்கி. இப்ப மட்டும் எப்படிப் பட்டுச்சு? அதைச் சரி பண்ணுனது யாரு?”

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் நான் மூன்று நாளாகக் காத்திருந்தேன். பத்து ஓட்டையும் ஒரே இடத்தில் விழுந்ததைச் சொல்ல வேண்டும். நூல் பிடித்துப் பார்த்ததைச் சொல்ல வேண்டும். முள்ளை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பதை, அண்ணனுக்கே தெரியாததை, ஊருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். நான் ஒரு எட்டு முன்னால் வைத்து, “நா...” என்றேன்.

பெரியப்பாவின் கை என் தோளில் விழுந்து என்னை அவர் வேட்டியோடு சேர்த்து அழுத்தியது. அந்தக் கை அப்போதும் நடுங்கவில்லை. “நாந்தாங்க சரி பண்ணுனேன். நாந்தான் சுட்டேன். வேற யாருக்கும் இதுல பங்கு இல்லைங்க” என்றார்.

அதற்குப் பிறகு கூட்டத்தில் பேசிய எதுவும் என் காதில் ஏறவில்லை. அவ்வளவு கோபம் எனக்கு. சுட்டவருக்கும் மொட்டை, சரி பண்ணிக் கொடுத்தவருக்கும் மொட்டை, அடுத்த தேர் வரைக்கும் இருவருக்கும் ஊரில் யார் வீட்டிலும் தண்ணீர் கிடையாது என்று தீர்ப்பானதை அண்ணன்தான் பிறகு சொன்னான். இரண்டும் ஒரே ஆள் என்று ஆகிவிட்டதால் ஒரு தலையோடு போயிற்று என்றும் சொன்னான். நான் அதைக் கேட்டுக்கொள்ளவே இல்லை.

மறுநாள் விடிவதற்குள் விராலிமலைக்குப் போனோம். அடிவாரத்தில் பெரியப்பா தலையைக் குனிந்து உட்கார்ந்தார். நாவிதர் வழித்து முடித்ததும் சந்தனம் பூசிக்கொண்டு, காணிக்கைக்கு வெள்ளியில் செய்த சின்ன மயிலைக் கையில் பொத்திக்கொண்டு படியேறினார். அவருக்குப் பின்னால் நான் ஏறினேன். ஆத்தா அன்றைக்கு எனக்கு எண்ணெய் வைத்துத் தலைவாரி, இரட்டைச் சடை பின்னி, இரண்டு சடையிலும் கனகாம்பரம் வைத்துவிட்டிருந்தாள். பாதிப் படியில் பெரியப்பா நின்று, என் சடையைத் தொட்டுப் பார்த்து, “கால் வலிக்குதாத்தா?” என்று கேட்டார். நான் சடையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். நாலு நாள் கஷ்டப்பட்டு நான் செய்த வேலையை, ஊரே கேட்கத் தான் செய்ததாகச் சொல்லிக்கொண்டவரோடு எனக்கு என்ன பேச்சு என்று நினைத்தேன். பன்னிரண்டு நாள் அவரோடு நான் பேசவே இல்லை.